மச்சான் கொடுத்த வண்டியின் சைலன்சர்

பொள்ளாச்சி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு நான் வீடு திரும்பும் நேரங்களில் என் மனைவி வாசலுக்கே வந்து கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பழக்கம் எங்களுக்குள் இருந்ததில்லை. பையை நானே சமையலறை வரை கொண்டுபோய் வைப்பேன், அவள் பாட்டுக்கு அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், பையை வாங்கிய பின்னும் நகராமல் என் முகத்துக்கு நேரே நின்று, "வெயில் ஜாஸ்திங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும் அவள் மூச்சை மெதுவாக உள்ளே இழுப்பதைப் பார்த்தேன். என் வாயை மோந்து பார்க்கிறாள்.

நான் குடிப்பதில்லை. பாலக்காட்டுச் சித்தூர் கவர்மெண்ட் காலேஜில் படித்த காலத்தில் கூட்டாளிகளோடு கள்ளு குடித்துப் பார்த்ததுண்டு. வயிறு ஒத்துக்கொள்ளவில்லை, அதோடு விட்டுவிட்டேன். இது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் அப்பா குடித்தே போனவர். அந்த வீட்டில் வளர்ந்ததால் தெருமுனையில் வரும் ஆளின் நடையை வைத்தே இன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். எங்கள் ஊரிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி போகிற சாலையில், கேரள எல்லை முடிகிற வரை, கள்ளுக்கடைகளுக்கும் குறைவில்லை.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் என் கண் இரண்டும் சிவந்திருக்கும். நெற்றிப்பொட்டில் வலி தெறிக்கும். நாக்கு தடித்துப்போன மாதிரி பேச்சு இழுக்கும். சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். வயதாகிறது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு மேற்கே இருக்கிறது. தென்னை, ஒரு பக்கம் பந்தல் போட்டுப் பாகலும் புடலையும். முன்பெல்லாம் வாடகை டெம்போவில்தான் காய் போகும். அந்த வருஷம்தான் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், தன்னுடைய பழைய பிக்கப்பை எனக்குக் கொடுத்தார். அவர் சித்தூர்ப் பக்கத்துக்காரர். மாட்டுத் தீவன வியாபாரம். மூட்டை ஏற்றிக்கொண்டு உடுமலை, மறையூர் வழியாக மலையேறி மாட்டுப்பட்டிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். பெரிய வண்டி வாங்கியதும் பழையதை என்னிடம் தள்ளினார். "வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலீங்க மாப்ள. கல்லு மாதிரி வண்டி" என்று பானெட்டைத் தட்டிக்காட்டினார்.

வண்டி சத்தம் போடும். பழைய டீசல் வண்டி அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மார்க்கெட் மண்டிக்காரர் சில்லறை எண்ணியபடியே, "ஊட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று கேட்டார். இல்லையே என்றேன். "இல்ல, போன தடவ நீங்க கெளம்புனதுக்கப்புறம் ஊட்டுக்காரம்மா போன் பண்ணி, எப்பக் கெளம்புனாருன்னு கேட்டாங்க. அதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் எதுவும் கேட்கவில்லை. அவள் நேரம் கணக்குப் பார்க்கிறாள் என்று தெரிந்தபின் எப்படிக் கேட்பது? சீக்கிரம் வந்தால் அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பாள் என்று தோன்றியது. கொஞ்ச நாளில் மச்சான் போன் பண்ணினார். விலை நிலவரம், தண்ணீர் நிலவரம் எல்லாம் கேட்டுவிட்டு, "உடம்புக்கு ஏதாச்சுங்களா மாப்ள? கண்ணெல்லாம் செவந்து கெடக்குதாமா" என்றார். அண்ணனும் தங்கையும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்தான் அவள் மனதில் இதைப் போட்டாரா, அவள் சொல்லி அவர் கேட்கிறாரா என்று தெரியாமல் அன்று முழுக்கப் பந்தலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள்தான் கூட்டிப்போனாள். பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. டாக்டர் ஒரு சின்னப் பெண். மலையாளத்தில், "குடிக்குமோ?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆடிக்காற்று அடிக்கிற சமயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கம் மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு போகும். ஒரு மார்க்கெட் நாளில், நான் காய் ஏற்றி முடித்துவிட்டு ஏறப்போகும்போது அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாரனுங்க. பொள்ளாச்சியில ஜாக்கெட் துணி எடுக்கோணும்."

துணி கொழிஞ்சாம்பாறையிலேயே கிடைக்கும். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஏறு" என்றேன்.

போகும்போது விடியற்காலைக் குளிர்ச்சி. கண்ணாடி இறக்கியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அவள் வழியிலிருந்த ஒவ்வொரு கள்ளுக்கடையையும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கடைக்காரன் எவனாவது எனக்குக் கையசைக்கிறானா என்று பார்க்கிறாள் போலிருந்தது. எவனும் அசைக்கவில்லை. மார்க்கெட் முடிந்து, உண்மையிலேயே துணியும் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறியபின் திரும்பினோம். எதிர்க்காற்று மண்ணை வாரி அடித்ததால் இரண்டு பக்கமும் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். எப்போதும் அப்படித்தான் வருவேன். பின்னால் காலி வண்டி, மேலே தார்ப்பாய் மட்டும்.

கோபாலபுரத்துக்கு முன்னாலேயே அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். தலையைச் சாய்த்துக்கொண்டாள். செக்போஸ்ட் தாண்டியதும், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று என் தோளைப் பிடித்தாள். கதவைத் திறந்து இறங்குவதற்குள் வாந்தி. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தேன். வாய் கொப்புளித்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் கண்கள் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

"ஏனுங்க, நீங்க குடிச்சா எனக்கு எப்பிடீங்க தலை வலிக்கும்?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். "அணைக்காதீங்க, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, உள்ளே தலையை விட்டுக் கியர் கம்பி நிற்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கியர் கம்பிக்கு அடியில் ஒரு ரப்பர் உறை இருக்குமே, அது கிழிந்து கிடந்தது. அந்தக் கிழிசல் வழியாகச் சூடான காற்று புஸ்ஸென்று மேலே வந்துகொண்டிருந்தது. கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"புகைங்க. ஊட்டுக்குள்ள அடுப்பு வெச்ச மாதிரி புகையைக் குடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டியிருக்கறீங்க."

மீதித் தூரத்தைக் கண்ணாடியை இறக்கிவிட்டு, மண்ணைத் தின்றுகொண்டே வந்தோம்.

அடுத்த நாள் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பட்டறைக்காரரை எல்லோரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். மச்சான் இந்த வண்டியை வைத்திருந்தபோதும் அவரிடம்தான் விடுவார். அந்த உரிமையில் நானும் அங்கேயே போனேன். ஆசான் மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். நானும் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். ஸ்குரூ டிரைவரால் சைலன்சரின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். ஸ்குரூ டிரைவர் அப்பளத்துக்குள் போகிற மாதிரி உள்ளே போய்விட்டது.

"தீர்ந்து" என்றார் மலையாளத்தில், கதை முடிந்தது என்கிற மாதிரி. "இது மட்டுமில்ல. எஞ்சின்ல இருந்து வர்ற பைப்பு சேர்ற எடத்துல கேஸ்கட் போச்சு. பின்னாடி டெயில் பைப்பு பாதில முறிஞ்சு கெடக்குது. புகையெல்லாம் வண்டிக்கு அடியிலயே நின்னு, தார்ப்பாய்க்குள்ள சுத்தி, கேபினுக்குள்ள வருது."

அவர் சொன்னதெல்லாம் புரிந்தது. ஆனால் என் கண் வேறொன்றில் நின்றுவிட்டது. சைலன்சரின் மேல்பக்கம், கீழிருந்து சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு தகரத்துண்டு வைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடித்திருந்தது. ஆயில் டின்னை வெட்டி எடுத்த தகரம். அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்து, சேறு பூசின மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

"இது ஆரு வேலைங்க ஆசானே?"

ஆசான் அதைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணை எடுத்துக்கொண்டார். "எத்தனையோ வண்டி வருது. எனக்கு ஞாபகமில்லீங்க."

"மச்சான் எப்பவும் உங்ககிட்டத்தான விடுவாரு?"

"வேற எங்கயும் செய்திருக்கலாமில்லையா? மலையில, மூணாறுல..." வெளியே வந்து கையைத் துடைத்தவர், நான் மறுபடி கேட்பதற்குள் வேலைப் பேச்சை ஆரம்பித்துவிட்டார். மூன்று வழி இருக்கிறது என்றார். இதையே ஒட்டுப் போட்டு ஓட்டலாம், மழைக்காலம் தாண்டாது. லோக்கலில் செய்த புது சைலன்சர் போடலாம். இல்லையென்றால் கம்பெனிப் பொருளே போடலாம், விலை கூடும். பிறகு குரலைத் தாழ்த்தி நாலாவதாக ஒன்று சொன்னார். "சைலன்சரே வேண்டாம்னா வெறும் பைப்பு அடிச்சு, பக்கவாட்டுல, பின்சக்கரத்துக்கு முன்னாடியே வெளிய விட்டுரலாம். செலவு கம்மி. வண்டி நல்லா இழுக்கும்."

"சத்தம்?"

"சத்தம் இப்பவும் இருக்குதில்ல?"

"புகை?"

"அது காத்துல போயிரும்."

கொஞ்சம் முன்னால்தான் புகை கேபினுக்குள் எப்படி வருகிறது என்று எனக்குப் பாடம் எடுத்தவர் அவர். இப்போது காற்றில் போய்விடும் என்கிறார். வெறும் பைப் அடித்தால் பழைய சைலன்சர் அவருக்கு மிஞ்சும், தகர ஒட்டு விஷயமும் அதோடு முடிந்துவிடும் என்று எனக்குள் ஓடியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து தகர ஒட்டைப் பற்றிச் சொன்னதும் என் மனைவியின் முகம் மாறியது. புளியமரத்தடியில் உட்கார்ந்து என் பக்கம் வந்தவள், இப்போது எழுந்து அண்ணன் பக்கம் போய்விட்டாள்.

"எங்கண்ணன் அப்பிடிச் செய்யமாட்டாருங்க. அவருக்கு முன்னால வெச்சிருந்தவன் செஞ்சிருப்பான்."

"உங்கண்ணன் புதுசாத்தான வாங்குனாரு?"

அவள் துணி மடிக்க ஆரம்பித்தாள்.

அன்று முதல் நான் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சைலன்சர் என்று தேடினால் எத்தனை வீடியோ! ஒருவர் கம்பெனி அட்டைப்பெட்டியையும் போலிப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தின் தடிமனைப் பார், ஸ்டிக்கரின் ஓரத்தைப் பார் என்கிறார். இன்னொருவர் பளபளவென்று பெயிண்ட் அடித்த சைலன்சரை ரம்பத்தால் அறுத்துக் காட்டுகிறார், உள்ளே சத்தத்தை அடக்கும் தடுப்புத் தகடே இல்லை. பார்க்கப் பார்க்க, உலகத்தில் நல்ல சைலன்சர் ஒன்றுகூட விற்பதில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. இன்னொரு பக்கம், அதிகச் சத்தம் போட்டால் ரோட்டில் நிறுத்தி அபராதம் போடுவார்கள், டெஸ்டிலும் விடமாட்டார்கள். ஆசான் சொன்ன வெறும் பைப் யோசனை அதோடு செத்தது.

பொள்ளாச்சியில் ஒரு ஸ்பேர் கடைக்குப் போனோம். இந்தத் தடவை அவளையும் நானே கூப்பிட்டேன். அவள் மூக்கின்மேல் எனக்கு நம்பிக்கை வந்திருந்தது. கடைக்காரர் இரண்டு சைலன்சரை எடுத்துக் கல்லாவுக்கு முன்னால் போட்டார். ஒன்று கம்பெனிப் பெட்டியில் இருந்தது. மற்றது கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் செய்தது, பெட்டியும் இல்லை, பெயரும் இல்லை.

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து தடிமனாக இருப்பது நல்லதா மெல்லிசாக இருப்பது நல்லதா என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"ஒரிஜினலுங்க. சந்தேகமே வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

சந்தேகமே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அப்போதுதான் அது வரும். என் மனைவி ஒன்றும் பேசாமல் பெட்டியிலிருந்த சைலன்சரைத் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். பெயரில்லாததைத் தூக்கினாள். சிரமப்பட்டுத்தான் தூக்க முடிந்தது. பிறகு இரண்டையும் ஆட்டிப் பார்த்தாள். பெட்டிச் சைலன்சருக்குள் ஏதோ கலகலத்தது.

"உள்ள என்னமோ உருளுதுங்களே" என்றாள்.

கடைக்காரர் வாங்கி ஆட்டினார். "அது ஒண்ணுமில்லீங்க, வெல்டிங் பிசிறு" என்றார். ஆனால் அதைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய் இன்னொரு பெட்டி எடுத்து வந்தார். அது கலகலக்கவில்லை. ஆனால் அதன் ஸ்டிக்கர் முதல் பெட்டி ஸ்டிக்கரைப் போல இல்லை. எது உண்மை என்று கேட்டேன். இரண்டும் உண்மைதான், கம்பெனி டிசைனை மாற்றிவிட்டது என்றார்.

பெயரில்லாத சைலன்சரைத்தான் எடுத்தோம். நல்லது என்று ஒருவரும் அதைப் பற்றிச் சொல்லவில்லை, கடைக்காரர்கூட அதை ஒதுக்கத்தான் பார்த்தார். தகடு தடிமனாக இருந்தது. வெல்டிங் சுற்று விடாமல் ஓடியிருந்தது. அதோடு முழு நீள டெயில் பைப், கேஸ்கட், தொங்கவிடும் ரப்பர்கள், கியருக்கு அடியில் போடும் ரப்பர் உறை. டெயில் பைப் வண்டியின் பின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

பொருத்துகிற அன்று காலையிலிருந்து ஆசான் பட்டறையை விட்டு நான் அசையவில்லை. டீ குடிக்கக்கூடப் போகவில்லை. சைலன்சரின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன், மாற்றிவிடக் கூடாது என்று. ஆசானுக்கு அது தெரிந்துதான் இருக்க வேண்டும். "பேடிக்கேண்டா", பயப்பட வேண்டாம் என்று மலையாளத்தில் முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்த்தார். துருப்பிடித்த போல்ட்டுகள் வரவேயில்லை, காஸ் வைத்துச் சூடாக்கித்தான் கழற்றினார்.

மத்தியானம் மச்சானின் கார் வந்து நின்றது.

நான் அவருக்குச் சொல்லவில்லை. என் மனைவியும் சொல்லவில்லை என்று பிறகு சத்தியம் செய்தாள். மிச்சமிருப்பது ஆசான்தான். மச்சான் இறங்கி வந்து, "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன் மாப்ள. வண்டியப் பாத்தேன், நிறுத்துனேன்" என்றார். ஆசான் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டவில்லை. வழக்கமாக மச்சானைப் பார்த்தால் ஓடிவந்து பேசுகிற ஆள்.

"மச்சான், இதப் பாருங்க" என்று கழற்றிப் போட்டிருந்த பழைய சைலன்சரின் தகர ஒட்டைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். "அட, இப்பிடியா ஆயிருக்குது? எனக்கு ஒண்ணுமே தெரியலீங்களே. நான் எப்பவும் வெத்தலை போடறவன், கண்ணாடிய ஏத்துனதே இல்ல. அதனால புகையே தெரியல பாருங்க" என்றார். நான் புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தங்கை சொல்லியிருக்கலாம், ஆசான் சொல்லியிருக்கலாம். மச்சான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

வேலை முடிந்ததும் ஆசான், "பழசு இங்க கெடக்கட்டும். இரும்புக்குப் போட்டுக்கலாம்" என்றார். நான் அதைத் தூக்கி வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கட்டிங் மெஷின் வாங்கி, களத்தில் வைத்து அந்தத் தகரத்தை அறுத்தேன். என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். தகரம் பெயர்ந்து வந்தது. அடியில் இருந்த ஓட்டை துருவால் வந்த ஓட்டை இல்லை. சதுரமாக, ஓரம் ஒழுங்காக, காஸ் வைத்து வெட்டியது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். தடுப்புத் தகடுகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, வெறும் டப்பாவாக மூடியிருந்தார்கள். பலமிழந்த டப்பா. அதிர்ந்து அதிர்ந்துதான் கீழே தகடு கிழிந்து, கேஸ்கட்டும் போயிருக்க வேண்டும்.

அவளும் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணங்கிட்டக் கேக்காதீங்க" என்றாள். "அவரு பொண்ணுக்கு இப்பத்தான் கல்யாணம் முடிவாயிருக்குது."

நான் கேட்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அவள் போனை எடுத்துக்கொண்டு தென்னைகளுக்கு நடுவே போய் நின்று யாரிடமோ பேசினாள். திரும்பி வந்தபோது, ஆருகிட்ட என்றேன். "சும்மாங்க" என்றாள்.

தலைவலி போய்விட்டது. மார்க்கெட் போய்விட்டு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். வண்டி சத்தம் அடங்கி, ரேடியோ வைத்துக் கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. மச்சானோடு பேச்சும் வழக்கம்போல நடந்தது. வழக்கம்போல என்று சொல்கிறேனே தவிர, அவர் என்ன சொன்னாலும் அதன் மேல்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். பையனுக்கு, அதாவது வரப்போகும் மருமகனுக்கு, நல்ல உத்தியோகம் என்றார். எங்கே என்று நான் வேறு ஆள் வைத்து விசாரித்தேன். உண்மைதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், சமையல் பாத்திரங்களை மண்டபத்துக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்று மச்சான் கேட்டார். வண்டியைத் தனியாகக் கொடுக்க எனக்கு மனசில்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன். முன் சீட்டில் மூன்று பேர். நான், நடுவில் என் மனைவி, ஓரத்தில் மச்சான். பின்னால் அண்டாக்களும் குண்டாக்களும். சித்தூர் தாண்டி ஒரு பாலத்து மேட்டில் ஏறும்போது நான் கியரைக் குறைத்தேன்.

மச்சான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், "முன்ன மாதிரி இழுக்கலீங்களே மாப்ள" என்றார். "அப்பெல்லாம் மறையூர் ஏத்தமே சும்மா ஏறும். இப்ப அடைச்ச மாதிரி இருக்குது."

என் மனைவி தலையைத் திருப்பினாள்.

"அப்ப உனக்குத் தெரியுமாண்ணா?"

"என்னது?"

"அதுக்குள்ள இருந்ததையெல்லாம் வெட்டி எடுத்தது. போன்ல கேட்டப்ப எனக்கொண்ணும் தெரியாதுன்னு பொண்ணு மேல சத்தியம் பண்ணுனியே."

மச்சான் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கடைசியில் அவர், "மூட்டை ஏத்திட்டுப் போனா ஏத்தத்துல தெணறுச்சும்மா. ஆசான்தான் சொன்னான், உள்ள இருக்கறத எடுத்துட்டா வண்டிக்கு மூச்சு வரும்னு. சத்தம்தான் கூடும்னான். புகை வரும்னு அவன் சொல்லல" என்றார்.

"எங்களுக்குக் குடுக்கும்போது நீ சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா மாப்ள வாங்கியிருக்கமாட்டாரு."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், தக்காளி விலையைச் சொல்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இத்தனை மாதம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த ஒன்று அந்த நேரத்தில் நின்றதும் உண்மை. என் மனைவிதான் தாங்கவில்லை.

"இவரு குடிக்கறாருன்னு நெனச்சு நான் போன் பண்ணி அழுதப்பவும் நீ சொல்லலியே அண்ணா. கவனமாப் பாத்துக்கோ, நம்மப்பா மாதிரி ஆயிரப்போறாருன்னு எனக்கே புத்தி சொன்னியே."

இது எனக்குப் புதுச் செய்தி. மச்சான் பக்கம் பார்த்தேன். அவர் கண்ணாடியை இறக்கி வெளியே துப்பினார்.

அண்டாக்களை நானும் சமையல்காரர்களும் இறக்கினோம். மச்சான் ஒரு பக்கம் பிடிக்க வந்தார். என் மனைவி, "நீ பொண்ணு ஊட்டுக்காரன், போய் வாசல்ல நில்லு" என்று அனுப்பிவிட்டாள். கல்யாணத்தில் அவள் எல்லா வேலையும் செய்தாள், எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். அண்ணனிடம் மட்டும் இன்னொருவர் மூலமாகத்தான் பேசினாள். தீபாவளி வரைக்கும் அப்படியே இருந்தது. அதன்பின் அவரே வந்து, எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். இந்தத் தடவை என்ன சொன்னார் என்று அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆசான் கதை வேறு. மச்சான் சொன்னதை அவரிடம் போய்ச் சொன்னேன். "அய்யோ, உங்க மச்சான்தான் வந்து எடுத்துடுன்னு நின்னாரு. நான் வேண்டாம்னேன்" என்றார். ஞாபகமே இல்லை என்று சொன்ன ஆளுக்கு இப்போது யார் எங்கே நின்று என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் நினைவிருந்தது. இரண்டு பேரில் யார் முதலில் அந்த யோசனையைச் சொன்னது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வேறு பட்டறைக்கு மாறிவிட்டேன். இருந்தாலும் மார்க்கெட்டுக்குப் போகிற வழி அவர் பட்டறையைத் தாண்டித்தான். என் வண்டி போகும்போது செய்கிற வேலையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார். என்னைப் பார்க்கிறாரா, சைலன்சர் எப்படி ஓடுகிறது என்று காது கொடுத்துக் கேட்கிறாரா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. நான் வேகத்தைக் குறைக்காமல் போய்விடுகிறேன்.